பெண்கள் படித்ததால்தான் பிள்ளைகள் குறைகிறதா? சேலத்திலிருந்து ஒரு செவிலியரின் பதில்

கேள்வி: பெண்கள் படித்து, வேலைக்குப் போய், பெண்ணியம் பேச ஆரம்பித்ததால்தான் தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் குறைகிறதா? எங்கள் சேலம் பக்கம் முப்பது தாண்டிய பையன்களுக்குப் பெண்ணே அமைவதில்லை.

இல்லைங்க. நான் இதே சேலம் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியர். தாரமங்கலம், ஜலகண்டபுரம் பக்கத்துத் தறி ஊர்களில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஏற்காடு மலையில் இருக்கிறேன். கர்ப்பம் என்று தெரிந்ததும் பிக்மி நம்பர், அதாவது அரசின் கர்ப்பப் பதிவு எண், போடுவதில் ஆரம்பித்து, பிள்ளைக்குத் தடுப்பூசி எல்லாம் போட்டு முடிக்கிற வரை அந்த வீட்டு வாசலில்தான் எங்கள் பிழைப்பு. யார் எதற்காக ஒரு பிள்ளையோடு நிறுத்துகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

முதலில் பெண் அமையாத கதையைச் சொல்கிறேன். மற்றது அதற்குள்ளிருந்துதான் வருகிறது.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆண் பிள்ளைகள் 1000 பேருக்குப் பெண் பிள்ளைகள் 851 பேர்தான் இருந்தார்கள். தமிழ்நாட்டின் சராசரி அப்போது 942. யாரும் குறுக்கே கை வைக்காவிட்டால் 1000-க்கு 940, 950 பெண் பிள்ளைகள் பிறப்பதுதான் இயற்கை. அப்படியென்றால் இங்கே ஆயிரத்துக்குச் சுமார் நூறு பெண் குழந்தைகள் காணாமல் போயிருக்கிறார்கள். அந்தக் கணக்கெடுப்பில் வந்த பிள்ளைகளுக்கு இன்றைக்கு என்ன வயது? இருபத்தைந்தில் இருந்து முப்பத்தொன்று. கல்யாண வயது. மகனின் ஜாதகத்தை வைத்துக்கொண்டு தரகரிடம் நடையாய் நடக்கிறார்களே, அவர்கள் தேடுகிற மருமகளில் ஒருத்தி பிறக்கவே விடப்படவில்லை, அல்லது பிறந்த வாரத்திலேயே முடிந்துபோனாள்.

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் முதன்முதலில் சேலத்தில்தான் தொடங்கப்பட்டது. கொல்ல வேண்டாம், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், அரசு வளர்த்துக்கொள்ளும் என்று கெஞ்ச வேண்டிய நிலையில் இந்த மாவட்டம் இருந்தது. இரண்டாவதும் பெண் என்றால் மறுநாள் காலையிலேயே அந்த வீட்டுக்குப் போய்க் குழந்தையைக் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றுதான் மூத்த சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எடை பார்க்கிற சாக்கில் போவோம். பிறகு ஸ்கேன் வந்தது. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் நிறைவேறி 1996-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்குள்ளும் அதற்குப் பிறகும் எத்தனையோ நடந்துவிட்டது. 2011-ல் சேலத்தின் எண்ணிக்கை 900-ஐத் தாண்டியது. அதிகாரிகள், தன்னார்வலர்கள், செவிலியர்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்த இழுப்பு அது. ஆனால் பிறக்காமல் போனவர்களை யார் திருப்பிக் கொண்டுவருவது?

இப்படிக் குறைந்துபோன இடத்தில் சாதி, உட்பிரிவு, ஜாதகப் பொருத்தம், நிலம் என்று சல்லடை வேறு போடுகிறோம். கடைசியில் சிலர் பாலக்காடு பக்கம் போய்ப் பெண் எடுத்து வருகிறார்கள். அப்போது சாதியும் ஜாதகமும் யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை. இங்கேயே அந்த மனசு இருந்திருந்தால் எத்தனையோ பேருக்குக் காலத்தில் கல்யாணம் ஆகியிருக்கும்.

மலையில் இது வேறு மாதிரி. சேர்வராயன் மலைவாழ் மக்களிடம் மாப்பிள்ளை வீட்டார்தான் பரியம், அதாவது பெண்ணுக்கான பணம், கொடுத்துப் பெண் எடுப்பது பழைய வழக்கம். பெண் பிறந்ததற்கு முகம் சுளித்த பாட்டியை நான் இங்கே பார்த்ததில்லை. பதினெட்டுக்கு முன்னாலேயே கல்யாணத்தை முடித்துவிடுகிறார்கள் என்பதுதான் இங்கே என் கவலை, அதைத் தனியாக எழுத வேண்டும்.

சரி, பிள்ளை குறைவதற்கு வருவோம். பிறப்பு இறப்பைக் கணக்கெடுக்கிற மத்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2023 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.3 குழந்தைகள். இந்தியாவுக்கு 1.9. மக்கள்தொகை அப்படியே நிற்க 2.1 வேண்டும். படித்த பெண்கள் மட்டும் நிறுத்தினால் இந்த அளவுக்கு இறங்காது. படிக்காத பெண்களும் நிறுத்திவிட்டார்கள்.

தறி ஊரில் ஒரு வீடு. விடிவதற்கு முன்னால் எழுந்து தண்ணீர் பிடித்து, சோறாக்கி, புருஷனைத் தறிக்கு அனுப்பிவிட்டு, மூன்று வயதுப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்தப் பெண் தார் சுற்றுவாள், அதாவது தறிக்கான நூலைச் சிறு குச்சியில் சுற்றுவாள். அவன் நூல்கண்டை இழுப்பான், இவள் ஒரு கையால் அவனை விலக்கிக்கொண்டே மறு கையால் வேலை பார்ப்பாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். நான் போயிருந்தபோது மாமியார் என்னிடம் முறையிட்டார்: "ஒத்தப் புள்ளையா வளர்ந்தா நல்லா இருக்குமா நர்சம்மா? நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க."

அவள் தாரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அத்தை, நீங்க மூணு பெத்தீங்க, சரி. உங்களுக்கு நாத்தனார், ஓரகத்தி எல்லாரும் ஒரே வீதியில இருந்தாங்க. எனக்கு யாரு இருக்கா? உங்க மகன் இவனுக்கு ஒரு நாளாச்சும் கால் கழுவி விட்டிருப்பாரா, கேளுங்க." புருஷன் வாசல்படியில்தான் போனோடு உட்கார்ந்திருந்தார். தலை நிமிரவில்லை. மாமியாரும் அதற்கு மேல் பேசவில்லை.

இவளுக்கு யாரும் பெண்ணியம் சொல்லிக்கொடுக்கவில்லை. உடம்பில் தெம்பு இல்லாமல் சொன்ன கணக்கு அது. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாக வந்தது. வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களே நூற்றுக்கு இருபத்தாறு பேர்தான். அவர்களும் 97 நிமிடம். இதற்கு மேல் எல்கேஜி ஃபீஸ், வேன் ஃபீஸ், டியூஷன். இரண்டாவதைப் பற்றிக் கேட்டால் "வேணாங்க சிஸ்டர், ஒன்னே போதும்" என்று சொல்கிறவளை நான் எப்படிக் குறை சொல்வேன்?

நிறுத்துகிற பாரமும் அவள் தலையில்தான். தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் பக்கம் அது நூற்றுக்கு ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஆண்களுக்கான ஆபரேஷனுக்கு வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, சில நிமிட வேலை, அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறேன். "சம்பாதிக்கிற ஆம்பள, உடம்பு கெட்டுப்போச்சுன்னா?" என்று கேட்கிறார்கள். அதைக் கேட்கிற பெண்ணும் தார் சுற்றிச் சம்பாதிக்கிறவள்தான்.

இப்போது அரசியலுக்கு வருகிறேன். 2024 அக்டோபரில் ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு பிள்ளை அதிகம் பெறச் சொன்னார். அதே மாதம் மு.க.ஸ்டாலின் ஒரு திருமண விழாவில் பதினாறு பிள்ளைகள் பெறலாமே என்று நினைக்க வைக்கிற நிலை வந்திருப்பதாகப் பேசினார். டிசம்பரில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத் மூன்று வேண்டும் என்றார். தமிழ்நாட்டின் கோபம் நியாயமானது. மக்களவை இடங்கள் இன்றுவரை 1971 கணக்கெடுப்பின்படி நிற்கின்றன. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்கு, மக்கள்தொகையை வைத்து இடங்களைத் திரும்பப் பிரிக்கிற தொகுதி மறுவரையறையில் அதன் 39 இடங்களின் எடை குறைந்தால் அது அநியாயம். அதை டெல்லியில் வாதாடி வாங்க வேண்டும். அதற்கான விலையைத் தார் சுற்றுகிறவளின் கருப்பையில் வசூலிக்க எந்தக் கட்சிக்கும் உரிமை இல்லை. 1944-ல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இதே சேலத்தில்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பெரியார் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். நாட்டின் வறுமையைவிடப் பெண்ணின் சுதந்திரத்தைத்தான் அதற்கு முதல் காரணமாகச் சொன்னார். அந்த மண்ணில் நின்றுகொண்டு பிள்ளை எண்ணிக்கையைப் பெண்ணுக்குக் கட்டளையாகப் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

பெண்ணியத்தைத் திட்டுவதால் என்ன ஆகும் என்பதற்குத் தென் கொரியாவைப் பாருங்கள். 1990-ல் அங்கே 100 பெண் குழந்தைகளுக்கு 116-க்கும் மேல் ஆண் குழந்தைகள் பிறந்தார்கள். நம் கதையேதான். அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு, 2022 அதிபர் தேர்தலில் பெண்கள் நலத்துக்கான அமைச்சகத்தையே மூடுவேன் என்று வாக்குக் கேட்டவர் ஜெயித்தார். மறுவருஷம் அங்கே ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை. அரசு கொட்டிய பணம் கொஞ்சமில்லை, 2024-லும் 0.75-தான்.

என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது, தறி ஊர்களில் அங்கன்வாடியைத் தறி நிற்கிற நேரம் வரைக்கும் திறந்து வைப்பது. அடுத்தது, தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்கும் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு. மத்திய அரசு ஊழியருக்குக் கிடைக்கும் 15 நாளாவது பட்டறைக்காரனுக்கும் கிடைக்கட்டும்.

கேள்வி கேட்ட நீங்களே பெண் தேடுகிறவராக இருந்தால், ஒன்று சொல்கிறேன் தம்பி. பெண் பார்க்கப் போகும்போது அவளுக்குச் சமைக்கத் தெரியுமா என்று வீட்டார் கேட்பதற்கு முன்னால் நீங்கள் பேசுங்கள். பிள்ளை பிறந்தால் ராத்திரி யார் எழுந்திருப்பது, ஊசி போட யார் தூக்கிக்கொண்டு வருவது, அவள் வேலைக்குத் திரும்பினால் யார் பார்த்துக்கொள்வது என்று உங்கள் பங்கைச் சொல்லுங்கள். ஏற்காட்டிலும் சரி, ஜலகண்டபுரத்திலும் சரி, தடுப்பூசி நாளில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் அப்பாக்கள் இப்போது சிலர் இருக்கிறார்கள். இரண்டாவது பிக்மி நம்பர் கேட்டு என்னிடம் வருவது பெரும்பாலும் அந்த வீடுகளிலிருந்துதான்.