வயதான பெற்றோருக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுத்தால் டாக்டர் ஃபீஸ், மாத்திரை, டெஸ்ட் செலவெல்லாம் கிடைக்குமா?

பெரும்பாலான பாலிசிகளில் கிடைக்காது. நீங்கள் வெளியூரில் இருந்துகொண்டு, ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தாவோடு இருந்து பார்த்துக்கொள்கிறவள்.

தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். ஆத்தாவுக்கு 5 லட்சத்துக்கு பாலிசி எடுத்தது அவன்தான், நல்ல மனசு. ஆனால் மருந்துச் செலவு என்று வாயெடுத்தாலே, "அதான் இன்ஷூரன்ஸ் இருக்கே அக்கா" என்பான். ஆத்தாவுக்கு சுகர், பிரஷர், முழங்கால் வலி. மாதாமாதம் இவற்றுக்கு ஆகிற செலவில் ஒரு ரூபாய்கூட அந்த பாலிசிக்குள் வராது. 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் டயாலிசிஸ், கண்புரை மாதிரி அன்றைக்கே வீடு திரும்புகிற 'டே கேர்' சிகிச்சையாக இருக்க வேண்டும்.

ஒரு தடவை தலைசுற்றல் என்று மதுரைக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன், ரத்த டெஸ்ட் எல்லாம் கைக்காசு. பில் போடுகிறவர், "ஒரு நாள் அட்மிஷன் போட்டுருவோம்மா, கிளைம் வந்துரும்" என்றார். நான் சம்மதிக்கவில்லை. டெஸ்ட் எடுக்க மட்டும் சேர்த்தால் பணம் கிடையாது என்று பாலிசியிலேயே இருக்கிறது. கிளைமும் போய், ரூம் வாடகையும் நம் தலையில் விழும்.

கண்புரை ஆபரேஷனுக்கு இந்தப் பாடு இல்லை. அதற்குப் பொதுவாக 2 வருடக் காத்திருப்புக் காலம் உண்டு, அதாவது பாலிசி எடுத்து அவ்வளவு நாள் கழித்துதான் பணம் தருவார்கள். அது முடிந்திருந்தது. காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிட்டோம், பணமும் வந்தது. ஆபரேஷனுக்கு முந்தைய 30 நாளில் பார்த்த டாக்டர் ஃபீஸ், டெஸ்ட், பிந்தைய 60 நாளில் வாங்கிய சொட்டு மருந்து இவற்றையும் எழுதிக் கேட்டு வாங்கினேன். நிறைய பேர் இதைக் கேட்பதே இல்லை. நாள் கணக்கு பாலிசிக்கு பாலிசி மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். பில் அந்தச் சிகிச்சைக்கானதாகவும், டாக்டர் சீட்டு கூடவே இருப்பதாகவும் இருக்க வேண்டும். மருந்துக்கடை பில் வழுவழு தாளில் வரும், கொஞ்ச நாள் கிடந்தால் எழுத்தே தெரியாது. வாங்கின அன்றே ஜெராக்ஸ் எடுத்து, ஒரிஜினலோடு சேர்த்துப் பின் அடித்து வைத்துவிடுங்கள்.

காப்பீடே வேண்டாம் என்று நான் சொல்வதாக ஏஜென்ட்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இடுப்பு எலும்பு உடைந்தால் அதுதான் காப்பாற்றும். ஓபிடிக்கென்று, அதாவது ஆஸ்பத்திரியில் சேராமல் பார்க்கிற வைத்தியத்துக்கென்று, தனியாகச் சேர்க்கிற வசதியும் சில கம்பெனிகளில் உண்டு. ஆனால் 5,000 ரூபாய் வரம்புக்கு 4,000 கூடுதல் பிரீமியம் கேட்டால் அது எதற்கு? 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 5 லட்சம் திட்டத்திலும் வெளிநோயாளிச் செலவு வராது.

ஆத்தாவின் சுகர், பிரஷர் மாத்திரை 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. கவர்மெண்ட் மாத்திரை கேட்காது என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். நான் டாக்டரிடம் காட்டிக் கேட்டேன், அதே மருந்துதான் என்றார். மற்றவற்றை முதல்வர் மருந்தகத்தில் வாங்குகிறேன்.

செலவைப் பங்கு போடுவது என்றாலே எங்கள் பக்கம் இப்படித்தான். வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும் என்றால் பங்காளிகளிடமிருந்து பதிலே வராது. ஷூட்டிங்குக்கு வீடு கேட்டு ஆள் வந்தால் மட்டும் அத்தனை பேரும் போனில் வருவார்கள். மழை பெய்தால் முகப்பில் சட்டி வைப்பது நானும் ஆத்தாவும்தான். சரி, அதை விடுங்கள்.

உங்கள் அப்பாவுக்கு சுகர் இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கனவே இருக்கும் நோய்க்கு 2024-க்குப் பிறகு அதிகபட்சம் 3 வருடம்தான் காத்திருக்க வைக்க முடியும். கோ-பே, அதாவது பில்லில் நாம் கைக்காசாகக் கட்ட வேண்டிய பங்கு, எத்தனை சதவீதம் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.