12.9 போல்ட் ஏன் முறிந்தது?

கேள்வி: நான் படகுத்துறைப் பராமரிப்பில் வேலை செய்கிறேன். படகு வந்து மோதும்போது அதிர்ச்சியைத் தாங்கும் ஃபெண்டரின் சட்டத்தில், துத்தநாக முலாம் பூசிய 12.9 வலிமைத் தர ஆலன் போல்ட்டுகளைப் பொருத்தினோம். ஐந்து வாரத்திற்குள் மூன்றின் தலை தெறித்து விழுந்துவிட்டது, துருவும் அதிகமில்லை. பக்கத்திலேயே துருவேறிக் கிடக்கும் பழைய 8.8 போல்ட்டுகளுக்கோ ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்கு வந்தது மட்டமான சரக்கா?
– வாசகர், துவாஸ், சிங்கப்பூர்

பதில்: சரக்கு நல்லதாக இருந்தாலும் இப்படி முறியும். 12.9 என்பதில் 12 என்பது 1,200 மெகாபாஸ்கல் இழுவலிமையைக் குறிக்கிறது. அந்த வலிமைக்காக எஃகின் கடினத்தை ராக்வெல் சி அளவில் 39க்கு மேல் கொண்டுபோகிறார்கள், அந்த நிலையில் அது ஹைட்ரஜனைத் தாங்காது. 8.8 அந்த அளவுக்குக் கடினமானதல்ல, அதனால்தான் பழைய போல்ட்டுகள் தப்பின. கடல்நீரில் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு எஃகைத் துருவிலிருந்து காக்கும்போது, முலாம் உரிந்த இடத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் உருவாகின்றன. அவற்றில் ஒரு பகுதி எஃகுக்குள் புகுந்து, இழுவிசை மிகுந்திருக்கும் மரையின் அடியிலும் தலைக்குக் கீழேயுள்ள வளைவிலும் சேர்ந்து, உலோக மணிகளுக்கு (நுண்படிகங்களுக்கு) இடையே விரிசலைத் தொடங்கிவைக்கிறது. முறிந்த முகத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கற்கண்டை உடைத்தாற்போல் மணிமணியாக மினுக்கும், இழுபட்டு மெலிந்த அடையாளம் இராது. முலாம் பூசும்போதே புகுந்த ஹைட்ரஜன் என்றால், பெரும்பாலும் இறுக்கிய ஓரிரு நாளிலேயே முறிந்திருக்கும். ஐந்து வாரம் ஆனதால் கடல்நீரையே நான் சந்தேகிக்கிறேன்.

சான்பிரான்சிஸ்கோ–ஓக்லண்ட் பாலத்தில் 2013 மார்ச்சில் இறுக்கிய 96 துத்தநாகம் பூசிய தண்டுகளில் 32 சில நாட்களுக்குள் முறிந்ததற்கும் ஹைட்ரஜனே காரணம். அங்கே துளைகளில் தேங்கியது வெறும் மழைநீர்தான்.

ஆகவே மூன்றை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், அதே 12.9 போல்ட்டுகள் அனைத்தையும் கழற்ற வேண்டும். எம்20 அளவு (20 மி.மீ. விட்டம்) 12.9க்குப் பதிலாக எம்24 அளவு (24 மி.மீ.) 8.8 போட்டால் ஏறக்குறைய அதே சுமையைத் தாங்கும், ஆனால் துளையைப் பெரிதாக்க வேண்டியிருப்பதால் பொறியாளரின் ஒப்புதல் அவசியம். 316 தரத் துருப்பிடிக்காத எஃகு (ஸ்டெயின்லஸ்) போடலாமே என்று சிலர் சொல்வார்கள். நம் வெதுவெதுப்பான கடல்நீரில் அது வாஷருக்கு அடியில் குழிகுழியாக அரிபடும், நான் பரிந்துரைக்கமாட்டேன். முறிந்த துண்டுகளைப் பிரஷ் போட்டுத் தேய்க்காமல், ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காமல், நன்னீரில் அலசி உலர்த்தி ஆய்வகத்திற்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை அந்த ஃபெண்டருக்குக் கீழே படகு நிற்கவோ ஆள் இறங்கவோ விடாதீர்கள்.