பிக் பேங் சாமியாரும் திருவக்கரைக் கல்மரமும்: கேள்வி பதில்

பங்கு இளைஞர்கள் சீட்டில் எழுதிப் போட்ட கேள்விகள் இவை. நான் புதுச்சேரியில் கல்லூரி மாணவர்களுக்குத் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஞாயிறு பூசைக்கும் தவறாமல் போகிறவன். இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அதற்குத் தக்கபடி என் பதில்களில் கழித்துக்கொள்ள வேண்டியதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சார், அறிவியல் வளர்ந்தால் மதம் தேயும் என்கிறார்கள். கலிலியோவைப் படுத்திய பாடு ஒன்றே போதாதா? (கல்லூரி மாணவர், உப்பளம்)

கலிலியோ விஷயத்தில் கத்தோலிக்கச் சபை செய்தது தப்பு. அதில் சப்பைக்கட்டு கட்ட எதுவும் இல்லை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாதிட்டதற்காக 1633இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 1642இல் சாகும்வரை வீட்டுக்காவலில்தான் இருந்தார். 1992இல்தான் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், அன்றைய இறையியலாளர்கள் தவறிவிட்டார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

ஆனால் கதையின் நடுப்பகுதியை யாரும் சொல்வதில்லை. 1615இல் கர்தினால் பெல்லார்மின் ஒரு கடிதம் எழுதினார். பூமிதான் சுற்றுகிறது என்பதற்கு உறுதியான நிரூபணம் இருந்தால், வேதவசனங்களுக்கு நாம் சொல்லிவரும் பொருளை மறுபடி யோசிக்கத்தான் வேண்டும் என்பது அதன் சாரம். அந்த நிரூபணம் அப்போது கலிலியோ கையில் இல்லை. கடல் ஏற்ற இறக்கத்தை வைத்து அவர் கட்டிய வாதம் பிசகானது. பூமி நகர்வதால் விண்மீனின் இடம் துளி மாறித் தெரிவதை ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல் அளந்து காட்டியதே 1838இல்தான். இதனால் சபையின் குற்றம் குறையாது. வழக்கு மட்டும் சினிமாவில் வருவதைவிடச் சிக்கலானது என்று தெரியும்.

அறிவியலும் மதமும் என்றைக்கும் ஜென்மப்பகை என்ற படத்தை வரைந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டுக்காரர்கள். ட்ரேப்பர், ஒயிட் என்ற இரண்டு அமெரிக்கர்கள். ட்ரேப்பர் 1874இல் எழுதினார், ஒயிட் 1896இல். அறிவியல் வரலாற்றாசிரியர்கள் அந்தப் படத்தைக் கைவிட்டுப் பல காலம் ஆகிறது. மேடைப் பேச்சாளர்கள்தான் விடமாட்டேன் என்கிறார்கள்.

நம் ஊர்ச் சங்கதி ஒன்று கேள், தம்பி. 1689 டிசம்பரில் இதே புதுச்சேரியிலிருந்து ரிஷோ என்ற இயேசு சபைச் சாமியார் தொலைநோக்கியில் ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆல்ஃபா சென்டாரி கண்ணில் பட்டது. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அது இரண்டு விண்மீன்கள் என்று கண்டறிந்தவர் அவர்தான். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் குடும்பம் அது. மே மாத இரவில் தெற்கு அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகத் தெரியும். கடற்கரைச் சாலையில் இத்தனை சிலை வைத்தோம், இந்த மனிதருக்கு ஒன்றும் காணோம்.

பிக் பேங் (பெருவெடிப்பு) கொள்கை 'ஒளி உண்டாகுக' என்ற பைபிள் வசனத்தை நிரூபித்துவிட்டது என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தருகிறேன். சரிதானே, ஐயா? (ஆசிரியை, கடலூர் முதுநகர்)

வேண்டாம் அம்மா, அதை மட்டும் சொல்லித் தராதீர்கள். ஏன் என்று அந்தக் கொள்கைக்கு வித்திட்டவரையே சாட்சிக்கு அழைக்கிறேன். ஜார்ஜ் லெமெய்த்ர், பெல்ஜியம் நாட்டுக் குருவானவர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் கட்டுரை எழுதினார். 1931இல், அது ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றார். சாமியார் சொன்னதாயிற்றே, படைப்பைப் பின்வாசல் வழியாக நுழைக்கிறாரோ என்று சில அறிவியலாளர்களுக்குச் சந்தேகம்.

1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், நீங்கள் சொல்வதற்கு மிக நெருக்கமாகவே ஓர் உரை ஆற்றினார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய லெமெய்த்ருக்குச் சங்கடம்தான் மிஞ்சியது. தன் கொள்கை இறையியல் விவகாரங்களுக்கு வெளியே நிற்கிறது, நாத்திகரும் ஏற்கலாம் என்பது அவர் நிலை. நம்பிக்கையை எதிர்ப்பவர்களைவிட, அவசரமாக அதற்கு முட்டுக்கொடுக்க ஓடிவரும் நண்பர்களைக் கண்டுதான் எனக்கும் பயம். நாளைக்கே ஓர் இயற்பியலாளர், பிக் பேங்குக்கு முன்னாலும் ஏதோ இருந்தது என்று கணக்குப் போட்டுக் காட்டினால் உங்கள் வகுப்புப் பிள்ளைகள் கதி என்ன?

படைப்பு என்றால் முதல் நொடியில் நடந்த ஒரு சம்பவம் என்று மட்டும் எடுத்துக்கொள்வதால் வரும் தொல்லை இது. உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதைப் பகுத்தறிவால் நிரூபிக்க முடியாது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் சொல்லிவிட்டார். தொடக்கமே இல்லாத உலகமாக இருந்தாலும் அது ஒவ்வொரு கணமும் கடவுளைச் சார்ந்தே இருக்கும் என்பது அவர் வாதம். ஊதுகிறவர் நிறுத்தினால் நாகஸ்வர இசை மிச்சமிருக்காது. எப்போது ஊத ஆரம்பித்தார் என்பது வேறு கேள்வி. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எந்தத் தொலைநோக்கியாலும் இதற்கு ஆபத்தில்லை. உதவியும் இல்லை, அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

உலகத்தின் வயது 6,000 வருடம் என்கிறார் அப்பா. எப்படிப் பேசுவது? (பாகூர்)

பேச வேண்டாம். வண்டியில் ஏற்றித் திருவக்கரைக்கு அழைத்துப் போ. பௌர்ணமியானால் வக்கிரகாளியம்மன் கோயிலில் கூட்டம் நெரியும். பக்கத்துக் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்ப்பவர் கொஞ்சம்தான். ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து, கல்லாகிப்போன மரங்கள். வயது சுமார் 2 கோடி ஆண்டு. அவை கிடக்கும் பாறைக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயரே கடலூர் மணற்கல். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெட்டி அகற்றுவதும் அதைத்தான்.

6,000 என்ற எண் பைபிளில் எங்கும் எழுதியில்லை. கி.மு. 4004இல் படைப்பு என்று வம்ச வரிசைகளைக் கூட்டி 1650இல் கணக்கிட்டவர் அயர்லாந்துப் பேராயர் அஷர். அவருக்கு 1,200 ஆண்டுகளுக்கு முன்பே புனித அகுஸ்தீன், தொடக்கநூலின் ஆறு நாட்கள் நம் 24 மணி நேர நாட்களாக இருக்கத் தேவையில்லை என்று எழுதிவிட்டார். வானம், பூமி பற்றிப் படித்தவர்கள் முன்னால் வேதத்தைக் காட்டி உளறிச் சிரிப்புக்கு ஆளாகாதீர்கள் என்று கண்டிக்கவும் செய்தார். டார்வினுக்குப் பயந்து கண்டுபிடித்த சமாதானமாக இது இருக்க வழியே இல்லை.

பரிணாமத்தைக் கத்தோலிக்கர் ஏற்கலாமா? (முத்தியால்பேட்டை)

ஏற்கலாம். 1950இல் சபை ஆராயத் தடையில்லை என்றது. 1996இல் இரண்டாம் ஜான் பால், அது வெறும் கருதுகோளைத் தாண்டிவிட்டது என்றார். பட்டாணிச் செடியில் மரபியலைத் தொடங்கிவைத்த மெண்டல் ஒரு துறவி.

பிளான்டிங்காவின் வாதம் உங்களுக்கு ஏற்புடையதா? (தத்துவ மாணவி, லாஸ்பேட்டை)

மற்றவர்களுக்காக ஒரு வரி. ஆல்வின் பிளான்டிங்கா அமெரிக்கக் கிறித்தவத் தத்துவவாதி. அவர் வாதம் இது: கடவுள் இல்லை, நம் மூளை உயிர் பிழைப்பதற்காக மட்டுமே உருவானது என்றால், அது உண்மையைச் சொல்லும் என்று ஏன் நம்ப வேண்டும்? நம்ப முடியாவிட்டால், 'கடவுள் இல்லை' என்று அதே மூளை சொல்வதையும் நம்ப முடியாதே.

பாதி ஏற்கிறேன். புலியைப் பூனை என்று நம்பியவன் பிள்ளை பெறும்வரை இருந்திருக்க மாட்டான். ஆகவே அன்றாட விஷயங்களில் பிழைப்பும் உண்மையும் பெரும்பாலும் ஒன்றாகவே போகும். மனசில் எதை நம்பினாலும் புலியைக் கண்டு ஓடினால் போதும், பிழைத்துவிடலாம் என்பார் பிளான்டிங்கா. அது எனக்குக் கொஞ்சம் வலிந்து சொல்வதாகப் படுகிறது. ஆனால் குவாண்டம் இயற்பியலும் உயர்கணிதமும் பிழைப்புக்குத் தேவைப்பட்டதே இல்லையே, அவை எப்படி வசப்பட்டன? அந்த இடத்தில் கேள்வி உயிரோடுதான் இருக்கிறது. ஒன்று கவனி: வாதம் முழுக்க வென்றாலும் கிறிஸ்து உயிர்த்தார் என்பது அதிலிருந்து வராது.

வில்லியனூர் மாதா புதுமைகளை (அற்புதங்களை) அறிவியல் ஏற்குமா? (வில்லியனூர்)

வில்லியனூரில் இருப்பது லூர்து மாதா. அந்த மாதாவின் சொந்த ஊரான, பிரான்சிலுள்ள லூர்து நகரத்தையே பாருங்கள். அங்கே மருத்துவர்கள் பரிசோதிக்கும் அலுவலகம் ஒன்று 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. குணமானதாக 7,000க்கும் மேற்பட்டோர் பதிவு. சபை புதுமை என்று அறிவித்தவை 70ஐச் சற்றே தாண்டும். மருத்துவர் 'விளக்கம் கிடைக்கவில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்வார். 'கடவுள் செய்தார்' என்பது அதற்கு மேலே விசுவாசம் எடுத்து வைக்கும் அடி. நான் வில்லியனூருக்குப் போவேன். சர்க்கரை மாத்திரையையும் எடுத்துப் போவேன்.

சுனாமியில் எங்கள் தெருவில் போன பிள்ளைகள் என்ன பாவம் செய்தன? (ஒரு தாய், தேவனாம்பட்டினம்)

அம்மா, எந்தப் பாவமும் இல்லை. இந்தியப் புவித்தட்டு சுமத்ராவுக்குப் பக்கத்தில் அடுத்த தட்டின் கீழே நழுவியதால் கடல் எழுந்தது. 1755இல் லிஸ்பனில் சகல புனிதர் திருநாளன்று, சனங்கள் கோயிலில் இருந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. அப்போதும் கடவுளின் தண்டனை என்றவர்கள் இருந்தார்கள். அதன் இயற்கைக் காரணத்தைத் தேடிக் கட்டுரை எழுதியவர்களில் பின்னாளில் பெரிய தத்துவவாதியான இளம் கான்ட்டும் ஒருவர்.

புவித்தட்டுகள் நகராவிட்டால் பூமியில் உயிரே நிலைத்திருக்காது, ஆகவே நிலநடுக்கம் தவிர்க்க முடியாத விலை என்று ஒரு வாதம் உண்டு. வகுப்பில் நடத்தியிருக்கிறேன். உங்களிடம் சொல்ல வாய் வராது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காலைக்கு ஈடு சொல்லும் தத்துவம் என்னிடம் இல்லை. தண்டனை என்று யாராவது உங்களிடம் சொன்னால் லூக்கா 13ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார்.

மகள் இயற்பியல் படிக்க வேண்டும் என்கிறாள். விசுவாசம் போய்விடுமோ? (தகப்பனார், நெல்லித்தோப்பு)

சேர்த்துவிடுங்கள் ஐயா. முதல் வருடம் கணக்குப் பாடமே அவளைப் போதுமான அளவு படுத்தும். அப்புறம் வீட்டுக்கு வந்து ஏதாவது கேட்டால், உடனே பங்குச் சாமியாரிடம் அனுப்பிவிடாதீர்கள். நீங்களே உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள்.