கிணற்று நீரில் நைட்ரேட்: பண்ணையிடம் என்ன கேட்கலாம்?

வணக்கம். கிணற்று நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 62 மில்லிகிராம் என்றும், பக்கத்து இயற்கைப் பண்ணையில் சந்தா கட்டிக் காய்கறி வாங்கினால் அது குறையுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதலில் உங்கள் வீட்டுக் கைக்குழந்தை. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 50. புட்டிப்பால் கரைக்க அந்த நீரை இன்றே நிறுத்திவிடுங்கள். கொதிக்க வைப்பது தீர்வல்ல. நீர் ஆவியாகும், நைட்ரேட் மிஞ்சிய நீரிலேயே தங்கிச் செறிவு கூடும். எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) வடிகட்டி அதைப் பெருமளவு நீக்கும்.

பண்ணை விஷயத்தில், ‘இயற்கை’ என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். மட்காத சாணத்தை மழைக்கு முன் கொட்டினால் அதுவும் யூரியாவைப் போலவே நைட்ரேட்டாக மாறிக் கீழே இறங்கும். அறுவடை முடிந்த வயலைப் போய்ப் பாருங்கள். வெறும் மண்ணாகக் கிடந்தால் எனக்குக் கவலைதான். மூடுபயிர், அதாவது அடுத்த சாகுபடி வரை மண்ணை மூடி வைக்க வளர்க்கும் பயிர், இருந்தால் மிச்ச நைட்ரஜனை அதன் வேர்கள் பிடித்துக்கொள்ளும். சந்தாதாரராக இதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

இறைச்சியைக் குறைப்பதும் உதவும். தீவனப் பயிர்களுக்கு உரம் ஏராளமாகப் போகிறது. ஆனால் நிலத்தடி நீர் மெதுவாகவே நகரும். இன்றைய மாற்றம் கிணற்றில் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். அதுவரை ஆண்டுதோறும் பரிசோதியுங்கள்.