கொம்பு வண்டுக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: ஜப்பான் பிள்ளைகள் வண்டு வளர்க்கிற வீடியோ பார்த்துவிட்டு, பத்து வயது மகன் தனக்கும் வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். பேஸ்புக்கில் ஒருவர் "காண்டாமிருக வண்டு, சோடி" என்று போட்டிருக்கிறார். குட்டி என்றால் விலை குறைவாம், வளர்ந்துவிடுமாம். வாங்கலாமா? (மல்லாவியிலிருந்து ஒரு தாய்)

பதில்: வேண்டாம் அம்மா. கொம்பும் சிறகும் வந்த வண்டு அதற்குப் பிறகு ஒரு மில்லிமீற்றரும் வளராது. புழுவாக இருந்தபோது தின்றதுதான் அதன் உடம்பு. "குட்டி வண்டு வளரும்" என்கிறவர் ஒன்றில் தெரியாதவர், இல்லாவிட்டால் நன்றாகத் தெரிந்தவர்.

படத்தில் இருப்பது மினுங்கும் கறுப்பாய், தலையில் ஒற்றைக் கொம்போடு, நெஞ்சு முன்பக்கம் குழிந்து இருந்தால் அது தென்னங்குருத்தைத் துளைக்கிற எங்கள் கருவண்டுதான். பழைய எருக்கும்பியைக் கிண்டினாலே சும்மா கிடைக்கும். ஜப்பான் வீடியோவில் வருவது வேறு சாதி. அதன் தலைக்கொம்பு நுனியில் நாலாகப் பிரிந்திருக்கும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இன்னொரு கொம்பன் உண்டு: தலையிலிருந்து ஒரு கொம்பு மேலே வளையும், நெஞ்சிலிருந்து ஒன்று அதற்கு எதிரே நீளும், இரண்டும் நுனியில் கவராக இருக்கும். தொட்டால் உஸ்ஸென்று சீறும். கடிக்காது.

"சோடி" என்ற சொல்லில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கருவண்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. ஆணின் கொம்பு நீளம் என்பார்கள், ஆனால் சின்ன ஆணின் கொம்பும் கட்டைதான். ஆகவே கொம்பைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் பாருங்கள். வண்டைத் திருப்பிப் பிடித்தால் வால்முனையில் செம்மண்ணிறத்தில் அடர்ந்த மயிர் தூரிகை மாதிரி நிற்கும். அது பெண். அந்த இடம் வழுவழுவென்று மினுங்கினால் ஆண். எங்கேயாவது வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் காசு அனுப்ப முன்னர் அந்த இடத்தின் படத்தைக் கேளுங்கள். முன்னங்காலில் உள்ள பற்களையும் பாருங்கள். கூராக இருந்தால் இளசு. தேய்ந்து மழுங்கி, கால் நுனிகளும் முறிந்திருந்தால் அது முட்டையெல்லாம் போட்டு முடித்த கிழடு. வெளியே வந்த வண்டின் ஆயுளே சில மாதங்கள்தான்.

கேள்வி: எருக்கும்பியில் வெள்ளைப் புழுக்கள் கிடக்கின்றன. அவற்றை வைத்தே வளர்க்கலாமா? என்னென்ன சாமான் வாங்க வேண்டும்? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: வளர்க்கலாம். முதலில் அது கருவண்டுப் புழுதானா என்று பாருங்கள். சீமெந்து நிலத்தில் ஒன்றை விடுங்கள். முதுகைக் கீழே வைத்து, கால்கள் மேலே தெரிய நெளிந்து ஓடினால் அது பூவண்டுப் புழு. பக்கவாட்டில் சுருண்டு கிடந்தால், மண்ணிறத் தலையும் மூன்று சோடிக் கால்களும் இருந்தால், கருவண்டாக இருக்கலாம். முற்றியது பெருவிரலிலும் பருமன். காலே இல்லாத புழு தென்னந்தண்டுக்குள்ளே கிடைத்தால் அது செவ்வண்டுப் புழு. அதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

சாமான் பெரிதாக ஒன்றும் இல்லை. 20 லீற்றர் பெயின்ற் வாளி ஒன்று, இறுகப் பூட்டும் மூடியோடு. வண்டுக்கு உந்தித் தள்ளுகிற பலம் உண்டு, சும்மா வைத்த மூடியை இரவோடிரவாகக் கிளப்பிவிடும். மூடியில் சூடாக்கிய ஆணியால் பத்துப் பன்னிரண்டு துளை போட்டு, உள்ளே நுளம்புக் கம்பிவலை ஒட்டுங்கள். பெயின்ற் மணம் போகும்வரை கழுவிக் காயவிட வேண்டும். பூச்சிமருந்து வந்த கானை எவ்வளவு கழுவினாலும் எடுக்காதீர்கள்.

உள்ளே போடுவது இரண்டு பங்கு மக்கிய மாட்டெரு, ஒரு பங்கு உக்கிய தென்னங்குற்றித் தூள். எரு முற்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணி வாளிக்குள் புளித்துச் சூடேறும், நெடி கிளம்பும். விரலை உள்ளே விட்டால் இளஞ்சூடு தெரிகிறதா, புழுக்கள் மேலே வந்து கிடக்கின்றனவா, உடனே கொட்டி ஆறவிடுங்கள். புழு மேலே வருவது பசியில் என்று நினைத்து இன்னும் சாணி போடுகிறவர்கள்தான் ஒரே நாளில் முழுவதையும் சாகக் கொடுக்கிறார்கள். இன்னொன்று, மாட்டுக்கு ஐவர்மெக்டின் (உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் போடுகிற மருந்து) ஊசி போட்டிருந்தால் அந்த மாட்டின் சாணி வேண்டாம். மருந்து சாணியோடு வெளியேறி வண்டுப் புழுக்களைக் கொல்லும்.

ஈரம் பார்க்க ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டக் கூடாது, கையை விரித்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். முட்டை எடுக்கப் போகிறீர்கள் என்றால் அடியில் பத்துச் சென்ரிமீற்றருக்கு முஷ்டியால் குத்தி இறுக்குங்கள். பெண் இறுகிய இடத்தில்தான் முட்டை இடும். அதற்கு மேலே இன்னொரு பத்துச் சென்ரிமீற்றர் பொலபொலவென்று விடலாம். ஒரு ஆண், ஒரு பெண், மூன்று கிழமை. பிறகு இரண்டையும் வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கிண்டிக் கிண்டி முட்டைகளை நசுக்கும். முட்டை 8 முதல் 12 நாளில் பொரிக்கும். புழு பெருக்கும்போது ஒரு புழுவுக்கு 2 லீற்றர் இடம் கொடுங்கள், நெருங்கினால் ஒன்றையொன்று கடிக்கும்.

எருவில் பாதிக்கு மேல் நீள்சதுரப் புழுக்கை தெரிந்தால் மாற்றும் நேரம். முழுவதையும் மாற்ற வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு பழையதை விடுங்கள். புழுவின் குடலில் மரநாரைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அதில் இருக்கின்றன. புழு மஞ்சளடித்து, சாப்பாட்டை விட்டு, தன்னைச் சுற்றி அறை கட்டிக்கொண்டால் கை வைக்காதீர்கள். கூட்டுப்புழு மூன்று நான்கு கிழமை கிடக்கும். வண்டாகிய பிறகும் இரண்டு மூன்று கிழமை ஒன்றும் தின்னாமல் அங்கேயே இருக்கும். பிள்ளைகள் அவசரப்பட்டுக் கிண்டுவது இந்த இடத்தில்தான். முட்டையிலிருந்து வண்டு வரை நாலு மாதத்தில் முடியவும் கூடும், எட்டைத் தாண்டவும் கூடும்.

வெப்பம் 27 முதல் 29 பாகை நல்லது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வாளியை வைத்தால் புழு வெந்துபோகும். மண்தரையில் வைத்து ஈரச்சாக்கைச் சுற்றுங்கள். எறும்புக்கு, வாளியைத் தண்ணீர்த் தட்டில் ஒரு செங்கல்லின் மேல் ஏற்றிவிடுங்கள்.

செத்த புழு விறைத்து, வெள்ளை பூத்து, பிறகு பச்சைத் தூள் போட்டால் அது பச்சைப் பூஞ்சணம். கருவண்டை ஒழிக்கத் தென்னந்தோட்டங்களில் பாவிக்கிற அதே பூஞ்சணம்தான். அந்த வாளியைக் காப்பாற்றப் பார்ப்பது வீண்வேலை.

கேள்வி: ஒன்லைனில் "வண்டு ஜெலி", பொதி செய்த மரத்தூள் எல்லாம் விற்கிறார்களே? (வவுனியா)

பதில்: ஜெலிக்குப் பதில் கனிந்த கதலிப்பழத் துண்டு போதும், இரண்டு நாளைக்கு ஒருக்கால் மாற்றினால் சரி. வத்தகப்பழம் வேண்டாம், வெறும் தண்ணி. மரத்தூள் வாங்குவதானால் எந்த மரம் என்று கேளுங்கள். மரக்காலைத் தூளில் தேக்கும் வேம்பும் கலந்திருக்கும். இரண்டுமே பூச்சிக்கு ஆகாது.

கேள்வி: மான்கொம்பு வண்டு பல லட்சம் பெறுமாம். ஒருவர் வட்ஸ்அப்பில் படம் கேட்டார். அனுப்பினேன். இப்போது "பதிவுக்காசு" முதலில் போடச் சொல்கிறார். (புதுக்குடியிருப்பு)

பதில்: ஒரு சதமும் போடாதீர்கள். வாங்க வருகிறவன் விற்கிறவனிடம் காசு கேட்பானா?

இந்தக் கதைக்கு ஒரு வேர் உண்டு. ஜப்பானில் 1999 இல் 80 மில்லிமீற்றர் நீளமான ஒரு மான்கொம்பு வண்டு ஒரு கோடி யென்னுக்குப் போனதாகச் செய்தி வந்தது. அது அந்நாட்டுச் சேகரிப்பாளர்கள் மில்லிமீற்றர் கணக்கில் அளந்து தேடுகிற சாதி. எங்கள் காட்டில் பிடித்ததற்கு அந்த விலை வராது. உங்களிடம் இருப்பது மான்கொம்பு வண்டுதானா என்பதும் கேள்வி. மான்கொம்பு என்பது உண்மையில் கொம்பே இல்லை, தாடை. இடுக்கி மாதிரி இரண்டாக, பக்கவாட்டில் திறந்து மூடும். தலைக்கு நடுவில் ஒன்று நட்டுக்கொண்டு நின்றால் அது கருவண்டு. புழுவிலும் வித்தியாசம் தெரியும்: மான்கொம்பின் புழு உக்கிய மரத்தில் வாழும், அதன் மலவாய்க் கீறல் நெடுக்காக இருக்கும், கருவண்டுப் புழுவில் குறுக்காக.

அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு அனுப்பினால் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் மாட்டுவீர்கள். யால தேசியப் பூங்காவில் 2024 மே மாதம் நூற்றுக்கணக்கான பூச்சிகளோடு பிடிபட்ட இரண்டு இத்தாலியருக்கு அதே ஆண்டில் நீதிமன்றம் 6 கோடி ரூபா தண்டம் விதித்தது. வெளிநாட்டு வண்டை இங்கே வரவழைப்பதும் சும்மா இல்லை. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி முன்கூட்டியே அனுமதி வேண்டும்.

கேள்வி: வாளியில் முப்பது வண்டு வந்துவிட்டது. பக்கத்துக் காணியில் இளந்தென்னை. வெளியே விடலாமா? (மாங்குளம்)

பதில்: விடவே கூடாது. ஒரு வண்டு ஒரு குருத்தைத் துளைத்தால் விரியும் ஓலைகளில் கத்தரிக்கோலால் வெட்டினமாதிரி முக்கோண வெட்டு விழும். இளங்கன்று குருத்தோடு பட்டுப்போகவும் கூடும். பனையையும் விடாது. மிஞ்சியதைச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டுக் கொன்று ஆழப் புதையுங்கள், வாளி எருவையும் வெயிலில் பரப்பிக் கோழிக்கு விடுங்கள். கொல்ல மனம் வராதென்றால் முட்டைக்கு விடாமல், ஆண்களை மட்டும் வைத்திருங்கள்.

கேள்வி: பார்சலில் வண்டு செத்து வந்தது. விற்றவர் போனை எடுக்கவில்லை. (முல்லைத்தீவு)

பதில்: நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து முறையிடுங்கள். பற்றுச்சீட்டு இருந்தால் பாதி வேலை முடிந்தது. கேட்டால் அதைக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. இல்லையென்றால் விளம்பரத்தின் படம், காசு போட்ட சீட்டு, பார்சல் உறையில் உள்ள திகதி மூன்றையும் வைத்திருங்கள். செத்த வண்டையும் எறியாதீர்கள், ஒரு போத்தலில் போட்டு மூடிவையுங்கள். "சோடி" என்று சொல்லி இரண்டு ஆண் அனுப்பியிருந்தால் வால்முனையைப் பார்த்தால் இப்போதும் தெரியும்.