பத்து முறையும் 3.02

அன்புள்ள ஐயா,

இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எஃகுப் பட்டையின் ஒரு முனையை இறுகப் பிடித்து, மறுமுனையில் எடை தொங்கவிட்டு யங் குணகம் (பொருள் எவ்வளவு விறைப்பானது என்று காட்டும் எண்) கண்டுபிடிக்கும் சோதனை. நீளம் 300 மி.மீ., சாதாரண அளவுகோலில் எடுத்தது. தடிமனை வெர்னியர் காலிப்பரில் பத்து முறை அளந்தேன், பத்திலும் 3.02 மி.மீ.தான். திட்டவிலக்கம் பூஜ்யம் என்றால் நிச்சயமின்மையும் பூஜ்யம்தானே? விடை 187.43 ஜிகா பாஸ்கல். பிழை என்று எதை எழுதுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பூஜ்யம் இல்லை. 0.02 மி.மீ.க்குக் கீழே நடக்கும் எதுவும் அந்தக் காலிப்பரின் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். (நானும் இப்படி வந்த பூஜ்யத்தைப் பெருமையாக ரிப்போர்ட்டில் எழுதியவன்தான்.) 1993-இல் சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. வெளியிட்ட வழிகாட்டி நிச்சயமின்மையை இரண்டாகப் பிரிக்கிறது: திரும்பத் திரும்ப அளந்து புள்ளியியலால் பெறுவது ஏ வகை, கருவியின் மீச்சிற்றளவு (அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு), அளவுத்திருத்தச் சான்றிதழ் என்று வேறு வழியில் பெறுவது பி வகை. உங்களிடம் ஏ பூஜ்யம், பி அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

சரி, அது எவ்வளவு? காலிப்பருக்கு ±0.03, அளவுகோலுக்கு ±1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், மற்றவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம். பார்வைக்கு நீளம்தான் மோசம். ஆனால் வாய்பாட்டில் இரண்டுமே மும்மடியாக வருகின்றன, அதனால் தடிமனில் இருக்கும் 1 சதவீதம் 3 ஆகிறது, நீளத்தில் இருக்கும் 0.33 சதவீதம் வெறும் 1 ஆகிறது. ஒன்றையொன்று சாராத பிழைகள் என்பதால் நேராகக் கூட்டாமல் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 3.2 சதவீதம். லேசரைக் கொண்டுவந்து நீளத்தை அளந்தாலும் அது 3-க்குத்தான் இறங்கும். தடிமனுக்கு மைக்ரோமீட்டர் எடுத்து ±0.005-க்குக் கொண்டுவாருங்கள், மொத்தமும் 1.1 ஆகிவிடும். இந்தக் கணக்கைச் சோதனைக்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். எல்லாரும் எல்லாம் முடிந்த பிறகு மதிப்பெண்ணுக்காகப் போடுகிறார்கள், எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

அப்புறம், 187.43 வேண்டாம், 187 ± 6 என்று எழுதுங்கள். எழுதியதுமே ஒன்று உறுத்தும்: எஃகுக்குச் சுமார் 200 வர வேண்டும், உங்கள் எல்லை 193-லேயே நின்றுவிடுகிறது. எனக்குச் சந்தேகம் பிடிப்பின் மேல். அது கொஞ்சம் நெகிழ்ந்தாலும் நுனி கூடுதலாகத் தாழும், குணகம் குறைவாக வரும், ஆயிரம் முறை அளந்து சராசரி எடுத்தாலும் அது போகாது. பிடிப்பின் மேலேயே ஒரு டயல் கேஜை (நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் கருவி) வைத்து எடையை ஏற்றிப் பாருங்கள். முள் அசைகிறதா என்று எழுதுங்கள்.