குத்தூசியில் வந்த கைப்பிடி நெல்

கேள்வி: எனக்கு ஊர் ஒட்டுசுட்டான். உயர்தரம் வர்த்தகப் பிரிவில் செய்து, வவுனியாப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கத் தெரிவாகியிருக்கிறேன். முதலாம் வருடத்தில் புள்ளிவிபரவியல் இருக்காம், அதுவும் ஆங்கிலத்தில். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு எனக்கு 'சி' தான். "அதிலதான் எல்லாரும் அடிபடுறது" என்று ஒரு சீனியர் அக்கா சொன்னதிலிருந்து நித்திரை இல்லை. அந்தப் பாடத்தில் என்னதான் இருக்கும்? இப்போதே டியூஷனுக்குப் போகவேண்டுமா? மடிகணினி இல்லாமல் சமாளிக்கலாமா? அப்பா நெல் விதைக்கிறவர், காசு கேட்க மனம் வரவில்லை.

பதில்: தங்கச்சி, அறுவடை முடிந்து உங்கள் வீட்டுக்கு நெல் வாங்க வருகிற வியாபாரியை நினைத்துப் பாருங்கள். நூறு மூட்டை அடுக்கியிருக்கும். எல்லாவற்றையும் அவர் கொட்டிப் பார்ப்பதில்லை. ஏழெட்டு மூட்டையில் குத்தூசியைச் செருகுவார். கையில் விழுந்த நெல்லை ஊதிப் பார்ப்பார், ஒரு மணியைக் கடித்து ஈரம் பார்ப்பார், விலையைச் சொல்லிவிடுவார். அந்தக் கைப்பிடி நெல்லை வைத்து நூறு மூட்டையைப் பற்றி எவ்வளவு துணிந்து பேசலாம், அதில் எவ்வளவு பிழை வரலாம்? நீங்கள் படிக்கப்போகும் பாடம் முழுவதும் இந்தக் கேள்விதான்.

நல்ல வியாபாரி முன்வரிசை மூட்டைகளில் மட்டும் குத்தமாட்டார், கவனித்திருப்பீர்கள். அடியிலும் நடுவிலும் இருந்து எடுப்பார். எழுமாற்று மாதிரி, அதாவது எல்லா மூட்டைக்கும் சம வாய்ப்புக் கொடுத்து எடுக்கிற மாதிரி, என்று விரிவுரையில் வரும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கணிதம் எவ்வளவு வேண்டும்? கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கம், வர்க்கமூலம், சூத்திரத்தில் எழுத்து இருக்கிற இடத்தில் எண்ணைப் போடுவது. அறிமுகப் பாடத்தின் பெரும்பகுதிக்கு இவ்வளவும் போதும். உங்கள் 'சி' இதற்குக் காணும். பிள்ளைகள் புள்ளியை இழப்பது வேறு இடத்தில். விடை 2.3 என்று கண்டுபிடித்துக் கீழே இரண்டு கோடு போட்டுவிடுவார்கள். அந்த 2.3 என்ன சொல்கிறது என்று ஒரு வசனம் எழுதமாட்டார்கள். கணிதத்தில் 'ஏ' எடுத்த பிள்ளைகளே இப்படி விடுவதை நான் இருபது வருடமாக வகுப்பில் பார்க்கிறேன்.

முதல் சில கிழமைகள் லேசாகப் போகும். இடை (சராசரி), இடையம் (வரிசையில் நடு எண்), ஆகாரம் (அதிக தடவை வரும் எண்), மீடிறன் அட்டவணை (எது எத்தனை தடவை வந்தது என்ற அட்டவணை) எல்லாம் பள்ளிக்கூடத்தில் பார்த்தவை. எண்கள் இடையிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்று காட்டும் நியம விலகலில் மட்டும் கொஞ்சம் நின்று போங்கள். இரண்டு வயல்களை எடுப்போம். ஒன்றில் ஐந்து போகங்களில் ஏக்கருக்கு 24, 25, 26, 25, 25 மூட்டை. மற்றதில் 10, 40, 30, 5, 40. இரண்டுக்கும் இடை 25 தான். முதலாவதன் நியம விலகல் ஒரு மூட்டைக்கும் குறைவு, இரண்டாவதற்கு ஏறக்குறைய 17 மூட்டை. இரண்டாவது வயலை நம்பிக் கடன் எடுக்கலாமா என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். சூத்திரம் தெரியாமலே சரியான பதில் சொல்வார்.

அப்புறம் நிகழ்தகவு வரும், நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சமமாகச் சரியும் மணி வடிவச் செவ்வன் பரம்பல் வரும். அதை அடுத்து வருவதுதான் அந்த அக்கா சொன்ன 'அடிபடுகிற' இடம், மாதிரிப் பரம்பல். முதல் மாதம் லேசாகப் போனதால் பயிற்சி செய்யாமல் விட்டவர்கள் இங்கே வந்து திகைத்து நிற்பார்கள். கணக்கு திடீரென்று கடினமாகிவிடுவதில்லை. மனதில் பிடிக்கவேண்டிய விஷயம்தான் புதிது. இடையை இதுவரை நிலையான ஓர் எண்ணாகப் பார்த்திருப்பீர்கள். இங்கே, மாதிரிக்கு மாதிரி அந்த இடையே மாறும் என்று சொல்வார்கள்.

இதை இப்போதே வீட்டில் செய்து பார்க்கலாம். தூற்றாத நெல்லை ஒரு சுளகில் கொட்டிக் கலந்துவிடுங்கள். கண்ணை மூடி 50 மணி எடுத்துப் பதரை எண்ணி எழுதுங்கள். திரும்பப் போட்டுக் கலந்து மறுபடி எடுங்கள். முப்பது தடவை செய்யுங்கள். 4 வரும், 7 வரும், 3 வரும். நெல் ஒன்றுதான், நீங்களும் பிழை விடவில்லை, ஆனாலும் எண் ஆடுகிறது. வந்த எண்களை ஒரு கோட்டின் மேல் புள்ளி புள்ளியாக அடுக்கினால் நடுவில் மேடு கட்டும். அந்த மேடுதான் மாதிரிப் பரம்பல். 50க்குப் பதில் 200 மணி எடுத்தால் பதரின் வீதம் ஆடுவது பாதியாகக் குறையும். நான்கு மடங்கு எடுத்தும் பாதிதான் குறைகிறது, ஏனென்றால் அங்கே வர்க்கமூலம் இருக்கிறது. சூத்திரத்தின் அடியில் அது ஏன் நிற்கிறது என்பது நெல் எண்ணிய கைக்கு மறக்காது.

பின்பாதியில் கருதுகோள் சோதனை. புது உரம் போட்ட பாத்திகளில் நெல் கொஞ்சம் கூட விளைந்தது. உரத்தாலா, தற்செயலாகவா? உரத்தால் ஒரு பலனும் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்வார்கள். அப்படியிருந்தும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு என்று கணிப்பார்கள். அதுதான் பீ பெறுமானம். 'உரம் பலன் தராமல் இருப்பதற்கான நிகழ்தகவு' என்று இதற்கு விளக்கம் எழுதிவிடாதீர்கள், அது பிழை. பரீட்சையில் அதிகம் பார்க்கிற பிழையும் இதுதான்.

இந்த முறைகளில் பல வயலிலிருந்துதான் வந்தன. ரொனால்ட் பிஷர் 1919 இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, பயிர்ப் பரிசோதனைகளை வைத்தே தன் முறைகளை வளர்த்தார். டீ சோதனை என்று ஒன்று படிப்பீர்கள். அதை உருவாக்கிய வில்லியம் கொசெட் டப்ளினில் கின்னஸ் மதுவடிசாலையில் வேலை செய்தவர். அங்கே அவருக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் மிகச் சிறிய மாதிரிகள்தான். அவ்வளவு குறைந்த தரவை வைத்து என்ன சொல்லலாம் என்று யோசித்து 1908 இல் கட்டுரை வெளியிட்டார். சொந்தப் பெயரில் எழுத நிறுவனம் விடாததால் 'மாணவன்' என்று பொருள்படும் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரைப் போட்டார். பாடப்புத்தகத்தில் 'ஸ்டூடன்ட்ஸ் டீ' என்று காணும்போது அது யாரோ ஒரு மாணவனின் சூத்திரமோ என்று குழம்பவேண்டாம்.

ஆங்கிலத்தைப் பற்றி. புதிய சொற்கள் உங்களைக் குழப்பாது, தெரிந்த சொற்கள்தான் குழப்பும். 'சிக்னிஃபிகன்ட்' என்றால் இங்கே முக்கியமானது என்று அர்த்தமில்லை, தற்செயல் என்று ஒதுக்கக் கஷ்டமானது என்று அர்த்தம். 'எரர்' என்றால் யாரோ விட்ட தவறு இல்லை, சுளகு நெல்லில் பார்த்ததுபோல் எண் தானாக ஆடுவது. 'பொப்யூலேஷன்' சனத்தொகையாக இருக்கத் தேவையில்லை, உங்கள் நூறு மூட்டையும் ஒரு பொப்யூலேஷன்தான். ஒரு கொப்பியில் இடதுபக்கம் ஆங்கிலச் சொல், வலதுபக்கம் தமிழில் உங்கள் சொந்த விளக்கம் என்று முதல் நாளிலிருந்தே எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நீங்கள் முல்லைத்தீவுப் பிள்ளை. 2001 இல் எடுத்த குடிசன மதிப்பு 25 மாவட்டங்களில் 18 இல்தான் முழுமையாக நடந்தது. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அதில் எண்ணப்படவில்லை. 1981 க்குப் பிறகு முழு நாட்டையும் அடுத்ததாக எண்ணியது 2012 இல்தான். இடையில் முப்பது வருடம். அந்த வருடங்களின் அட்டவணைகளில் 'இலங்கை' என்று தலைப்புப் போட்டு, உள்ளே எங்கள் மாவட்டங்கள் இல்லாமல் வந்த சராசரிகள் உண்டு. யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள் என்று எந்த அட்டவணையைக் கண்டாலும் கேட்கிற பிள்ளைகள் எங்களுக்கு வேண்டும். நீங்கள் இந்தப் பாடத்தைச் சித்திக்காக மட்டும் படித்துவிடக்கூடாது என்று நான் ஆசைப்படுவது இதனால்தான்.

டியூஷன் இப்போது வேண்டாம். ஒவ்வொரு விரிவுரை முடிந்த அன்றிரவே இரண்டு கணக்குச் செய்யுங்கள். ஐந்தாம் ஆறாம் கிழமையில் விளங்காமல் போனால் அந்தக் கிழமையே விரிவுரையாளரின் அறைக்குப் போய்க் கேளுங்கள். தனியாகப் போகக் கூச்சமென்றால் தோழியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மடிகணினிக்காக அப்பாவின் நெல் காசில் கை வைக்கவேண்டாம். மென்பொருள் பயிற்சியைப் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில் செய்யலாம். இப்போது வேண்டியது ஒரு விஞ்ஞானக் கணிகருவி மட்டும். பரீட்சைக்கு எந்த மாதிரியை அனுமதிக்கிறார்கள் என்று அந்த அக்காவிடம் கேட்டு, அதையே வாங்குங்கள். வாங்கியதும் அதன் புள்ளிவிபர முறைக்குப் போய் 10, 40, 30, 5, 40 என்று போட்டுப் பாருங்கள். இரண்டு நியம விலகல்கள் காட்டும், ஒன்று 14.8, மற்றது 16.6. ஏன் இரண்டு என்பதுதான் முதல் விரிவுரையாளரிடம் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி.